டீக்கனார் பிளசருக்குச் சுழி பார்த்தது

நாஞ்சில் நாட்டில் ஏமாந்தவர் என்று எவருமே கிடையாது. இது கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினொன்றாம் ஆண்டு வரைக்குமான நிலவரம். அதற்குப் பிறகும் யாரும் ஒப்புக்கொண்டதாகத் தகவல் இல்லை. வெள்ளைக்காரன் ஏமாந்திருக்கிறான், பாண்டிச் சீமைக்காரன் ஏமாந்திருக்கிறான், நாம் ஏமாந்ததில்லை. ஓட்டைச் செம்பு வாங்கி வந்தவன் நம்மூரில் உண்டு. "ஓட்டையிண்ணு தெரிஞ்சுதாம்டே வாங்கினேன், செடிக்குத் தண்ணி விடுகதுக்கு" என்று சொல்லாதவன் இல்லை.

இப்பேர்ப்பட்ட நாட்டுக்கு மகுடமாக, அஞ்சுகிராமத்துக்கு மேற்கே ரசலையன் வாழ்ந்துவந்தார். கிறிஸ்தவ சபையில் டீக்கன், வயலில் உழவர், மாட்டுச் சந்தையில் ஹைக்கோர்ட்டு. மாட்டின் வாயைத் திறந்தால் வயது சொல்வார், வாலைத் தூக்கினால் வம்சம் சொல்வார். சுழி பார்ப்பது அஞ்ஞானம் என்று ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பண்ணுவார். ஆனாலும் அஞ்ஞானியிடம் மாடு வாங்கும்போது அஞ்ஞானியின் முறைப்படி பார்ப்பதுதான் நியாயம் என்று செவ்வாய்க்கிழமை சந்தையில் சுழியும் பார்ப்பார். "டீக்கனார் கை வச்ச மாடு" என்றால் மறுபேச்சில்லை.

அந்தச் சந்தைக்கு ஒரு 'சட்டம்' இருந்தது. எழுதப்படாதது, ஆகவே யாராலும் கிழிக்க முடியாதது. விற்கிறவன் தன் மாட்டின் முதுகில் கை வைத்து நிற்கவேண்டும். தரகர் சலாஹுதீன் நாலு பேர் முன்னால், "சொல்லாத குத்தம் உண்டுமா?" என்று கேட்பார். "இல்ல" என்றால் கைமாற்றம். அதன்பிறகு மூன்று சந்தைக்குள் மறைந்திருந்த குற்றம் வெளிப்பட்டால் வாங்கினவன் மாட்டைத் திருப்பிக் கொண்டுவரலாம். விற்றவன் "எனக்குத் தெரியாம போச்சு" என்று சொல்லி மாட்டை எடுத்துக்கொண்டு, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். அதோடு சரி. ஆனால் குற்றம் தெரிந்தே மறைத்தவனுக்கு அந்தச் சந்தையில் முறையிட வாய் கிடையாது. அவனை யார் ஏமாற்றினாலும் சந்தை காதைப் பொத்திக்கொள்ளும்.

லண்டனில்கூட வாங்குகிறவனுக்கு இத்தனை உரிமை உண்டா என்று ரசலையன் கேட்பார். லண்டனிலிருந்து யாரும் பதில் சொன்னதில்லை.

இவருக்குப் பிளசர் என்கிற மோட்டார் கார்மேல் ஆசை வந்தது அந்த ஆண்டு முதல் போகமான கன்னிப்பூ அறுவடை முடிந்த கையோடு. மாடு பார்க்க வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. ஹைக்கோர்ட்டு நடந்து போவது கோர்ட்டுக்கே அவமானம் அல்லவா? நாகர்கோவிலில் இஞ்ஞாசி என்பவர் கடை வைத்திருந்தார். வாசல் பலகையில் 'பழகிய வண்டிகள் விற்பனைக்கு' என்று எழுதியிருந்தது. பழகாத காளையைவிடப் பழகிய காளைக்கு விலை அதிகம் என்பது உலகறிந்த விஷயம். ஆகவே ரசலையன் மரியாதையோடு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"வாயைத் தொறவும்" என்றார்.

இஞ்ஞாசி ஒரு கணம் தன் வாயைத் திறந்தார். பிறகு விஷயம் புரிந்து வண்டியின் முன்மூடியைத் தூக்கினார். ரசலையன் உள்ளே எட்டிப்பார்த்து, முகர்ந்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

"வயசு?"

"ஆறு வருசம், அண்ணாச்சி."

"யாருட்ட நின்னது?"

"மலைத்தோட்டத்து தொரை ஒருத்தருட்ட. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போகதுக்கு மட்டும் எடுப்பாரு."

ரசலையன் டயர்களைத் தடவிப் பார்த்தார். நாலும் முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று இருந்தன. வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டியே இப்படித் தேய்ந்திருந்தால், அந்தத் துரை எத்தனை தூரத்துக் கோயிலுக்குப் போயிருப்பார்! டீக்கனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது சுழி. சுற்றிச் சுற்றி வந்ததில் முன்சக்கரத்துத் தகட்டில் வட்டமாக ஒரு நசுங்கல் அகப்பட்டது. ரசலையன் அதில் விரலை வைத்து அளந்தார்.

"கோபுரச் சுழி. குடும்பத்துக்கு நல்லதுவே."

"அது ஒரு கட்டவண்டி வந்து இடிச்ச..." என்று ஆரம்பித்த இஞ்ஞாசி சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "ஆமா அண்ணாச்சி. பொறக்கும்பளே உள்ளது."

"ஒரு நடை விட்டுக் காட்டும்."

இஞ்ஞாசி தெருவில் வண்டியை ஓட்டினார். ரசலையன் தோளில் துண்டோடு பின்னாலேயே ஓடி நடை பார்த்தார். நொண்டவில்லை, தலையை ஆட்டவில்லை, வழியில் சாணி போடவில்லை. இரைச்சலும் இல்லை. மாவு சலிக்கிற மாதிரி மெல்லிய சத்தம்தான்.

"சத்தமே கேக்கல்லியே?"

"நல்ல சாதி, அண்ணாச்சி."

விலை பேசினார்கள். இஞ்ஞாசி ரொக்கம் கேட்கவில்லை. ரசலையனின் உழவுக்காளைச் சோடியைக் கொடுத்தால் போதும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். சீட்டும் எழுதினார்: 'கண்டது கண்டபடி, உள்ளது உள்ளபடி, ஓடினது ஓடினபடி, வாங்குபவர் மனதாரப் பெற்றுக்கொண்டார்.' இத்தனை சத்தியமான வாசகத்தை ரசலையன் வேதபுத்தகத்துக்கு வெளியே பார்த்ததே இல்லை. இங்கிலீஷிலும் தமிழிலும் இரண்டு கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மனைவி நேசபாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பிளசர் விக்கிற கடைக்கு காளை என்னத்துக்கு?"

"வியாபாரியிண்ணா ஆயிரம் சோலி இருக்கும். உனக்கு எதுக்குட்டி அது?"

"அப்பம் கும்பப்பூவுக்கு உழுகது எதை வச்சு? வயல்ல தண்ணி கெட்டிக் கெடக்கு. பதினஞ்சு நாள்ல நடணும்."

"பிளசரை வாடகைக்கு விட்டா நாலு சோடி காளை வாங்கலாம்ட்டி."

உழவர் வரலாற்றில் இது ஒரு பொன்மொழி. இதைச் சொன்னவர்கள் யாரும் பிறகு உழுததில்லை.

ரசலையன் முன்யோசனைக்காரர். கைமாற்றம் நம் சந்தையில்தான் நடக்கவேண்டும் என்று அடம்பிடித்து இஞ்ஞாசியை வரவழைத்தார். செவ்வாய்க்கிழமை, ஊரே பார்க்க, இஞ்ஞாசி பிளசரின் முதுகில் கை வைத்து நின்றார். ரசலையன் காளைகளின் முதுகில் கை வைத்து நின்றார்.

"சொல்லாத குத்தம் உண்டுமா?" என்றார் சலாஹுதீன்.

"இல்ல" என்றார்கள் இருவரும். ரசலையன் அதை நெஞ்சறியச் சொன்னார். எட்டு மாதத்துக்கு முன்பு அரைநாள் நின்று பல் பார்த்து, சுழி பார்த்து, அவரே வாங்கிய சோடி அது. உழவில் அவற்றைப்போல் நேர்சால் பிடிக்கிற காளை சுற்றுவட்டாரத்தில் கிடையாது. வண்டியில் மட்டும் அவர் பூட்டியதில்லை. வண்டியில் பூட்டினால் உழவுமாட்டின் நடை கெட்டுவிடும் என்பது அவருடைய 'கொள்கை'.

பிளசர் ஓட்டுகிற வித்தையை இஞ்ஞாசி ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸு பொறவு எடுத்தால் போதும் என்றும் சொன்னார். ரசலையன் மூன்று நாள் கிராமத்தைச் சுற்றி ஓட்டினார். வளைவில் "ஹை, ஹை" என்றும், நிறுத்தும்போது "ஓ, ஓ" என்றும் குரல் கொடுத்தார். வண்டியும் அதற்குக் கட்டுப்பட்ட மாதிரிதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டார்கள். நேசபாய் பின்னால் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அரை மைல் போனதும் வண்டியின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. ஆட்டுரலில் கருங்கல்லைப் போட்டு ஆட்டுகிற சத்தம். டீக்கனார் வருகிறார் என்பது கோயிலில் இருந்த சபையாருக்குக் காதால் தெரிந்தது. கண்ணால் பார்க்க அவர்கள் நடந்து வரவேண்டியதாயிற்று. ஏனென்றால் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. அடிப்பக்கத்தில் ஒரு பெட்டி வாய் பிளந்து, கறுத்த கூழாக எதையோ தரையில் கக்கியிருந்தது.

நேசபாய் இறங்கிக் குச்சியால் கிளறினாள்.

"என்னங்க, பழத்தொலியில்லா கெடக்கு!"

ஆமாம், மட்டி வாழைப்பழத்தின் தொலி. ஒரு தார் பழத்தின் தொலியாவது இருக்கும். கூடவே மரத்தூள், எண்ணெயில் ஊறிய சாக்குத் துண்டு. தேய்ந்த பற்சக்கரங்கள் அழாமலிருக்க அவற்றின் வாயில் இதையெல்லாம் திணித்திருந்தார்கள்.

"இது... இது ஒரு மருந்தாக்கும்" என்றார் ரசலையன். "மாட்டுக்கு வயிறு உப்பினா நாமளும் குடுக்கதுதானே."

"பழத்தைத் தின்னது யாருண்ணு கேளுங்க" என்றாள் நேசபாய்.

இஞ்ஞாசிக்கு ஆள் போனது. மறுநாள் காலையில் அவர் வந்தார். வண்டி இழுக்க ஒரு சோடி காளையும் வந்தது. பிளசர் விற்கிற கடைக்குக் காளை எதற்கு என்ற கேள்விக்கு அன்றுதான் விடை கிடைத்தது. விற்ற வண்டிகளை இழுத்து வர! காளைகள் ரசலையனை அடையாளம் கண்டு அவர் கையை நக்கின. கோபப்பட வந்தவர் காளையின் நெற்றியைச் சொறிந்துகொண்டு நின்றார்.

வடத்தைக் கட்டி இழுத்தார்கள். வாய்க்கால் பாலம் வரைக்கும் பிளசர் ராஜநடை நடந்தது. பாலத்தில் ஏறியதும் இடத்துக்காளை ஒருமுறை தண்ணீரைப் பார்த்தது. பெருமூச்சு விட்டது. முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது. தட்டினார்கள், வாலை முறுக்கினார்கள், காதில் ஊதினார்கள். அது அசைபோட ஆரம்பித்தது. முன்னால் காளை, பின்னால் பிளசர், இரண்டுக்கும் பின்னால் நாகர்கோவில் போகிற பஸ், பஸ்ஸுக்குள் நாற்பது பேர். நாற்பது பேருக்கும் வாய் இருந்தது.

இஞ்ஞாசி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, உமக்க காளைக்கும் கியர் விழல்லியே."

ரசலையன் காளையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். வண்டியில் பூட்டினால் பாலத்தில் படுக்கிற காளை! வயலில் பாலம் ஏது? ஆகவே எட்டு மாதமும் தெரியவில்லை. தனக்கு விற்றவன் அன்று ஏன் அத்தனை சீக்கிரம் விலைக்குப் படிந்தான் என்பது இப்போது விளங்கியது. பிளசரில் ஏமாந்தது ஒருமுறை. காளையில் ஏமாந்தது அதற்கும் முந்தி. இரண்டாவதை நினைத்ததும் முதலாவது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

ஆனால் நடவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வயலுக்கு அந்தக் காளைகளில் ஒரு குறையும் இல்லை. எப்படியாவது அவை வீடு திரும்பவேண்டும். அன்று மத்தியானமே நாகர்கோவிலில் எலிசா வக்கீலைப் போய்ப் பார்த்தார். வக்கீல் சீட்டை மூன்று தடவை வாசித்தார். ஒவ்வொரு தடவையும் அதன் அழகில் மயங்கினார்.

"டீக்கனாரே, உமக்கு உரிமை உண்டு. முழு உரிமை உண்டு."

"கேஸு போடலாமா?"

"அதுக்குச் சட்டம் இடம் குடுக்காது. உரிமை உண்டு, அவ்வளவுதான். சந்தோஷமா வீட்டுக்குப் போவும்."

பழத்தோலைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோயிருந்தார். வக்கீல் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கண்டது கண்டபடியிண்ணு எழுதியிருக்கு. நீர் காணாதது உமக்க தப்பு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். கோர்ட்டுக்குப் போகவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

மிச்சம் இருந்தது நம் சந்தை ஒன்றுதான். மறுநாள் செவ்வாய்க்கிழமையே வழக்கு எடுக்கப்பட்டது. கெடு தாண்டவில்லை. பத்துப் பேர் பிளசரைத் தள்ளிவந்து புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். இஞ்ஞாசியும் காளைகளோடு வந்தார். பாலம் இல்லாத சுற்றுப்பாதையில் ஓட்டி வந்தாராம். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். தோவாளையில் பூப்பறிக்கிறவர்கள்கூட வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

ரசலையன் எழுந்து நின்று பேசிய பேச்சு, வாங்குவோர் உரிமை பற்றி நாஞ்சில் நாட்டில் நிகழ்த்தப்பட்ட முதல் பேருரை. "வாங்குகவன் தலை குனியப்பிடாது! குத்தம் வித்தவனுக்கு! ஏமாந்தது ஒரு குத்தமா? ஏமாத்தினது தானய்யா குத்தம்!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கைதட்டியவர்கள் எல்லோரும் வேறு யாரோ ஒருவனை மனத்தில் நினைத்துத் தட்டினார்கள்.

சலாஹுதீன் பழத்தோல் பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்தார். இஞ்ஞாசியிடம் திரும்பினார்.

"இந்தக் குத்தம் உமக்குத் தெரியுமா?"

"தெரியாது, தரகனாரே" என்றார் இஞ்ஞாசி, கூசாமல். "எனக்கு வண்டியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. தெரிஞ்சா நான் ஏன் விக்கப் போறேன், ஓட்டிட்டுல்லா திரிவேன்! தொரைக்கு மட்டிப்பழம்ணா உசுரு. தின்னுட்டுத் தொலியை எங்க போட்டாரோ, கர்த்தருக்குத்தான் தெரியும்."

கூட்டம் சிரித்தது. "ஒண்ணும் தெரியாத பய வியாபாரத்துக்கு வந்துட்டான்" என்றார்கள். இஞ்ஞாசியும் சேர்ந்து சிரித்தார். மானம் போனதாக அவர் முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை.

"அப்பம் பிளசரை நீர் எடுத்துக்கிடும். காளையை அவருக்குக் குடுத்துரும்" என்றார் சலாஹுதீன்.

"செரி, கொண்டுபோவட்டும்" என்று இஞ்ஞாசி கயிற்றை அவிழ்க்கவே தொடங்கிவிட்டார். பிறகு நின்றார். "ஆனா ஒண்ணு, தரகனாரே. அவருக்க காளையும் பாலத்துல படுத்துட்டு. நாப்பது பேரு சாட்சி. முறையிண்ணா ரெண்டு பேருட்டயும் கேக்கணும்லா?"

நியாயமான வாதம். சலாஹுதீன் ரசலையன் பக்கம் திரும்பினார். முப்பது வருஷமாகப் பழகியவர். அவருக்கு ரசலையனின் கொள்கையும் தெரியும், நடவுத் தேதியும் தெரியும். குரலைத் தணித்துக் கேட்டார்.

"டீக்கனாரே, காளை பாலத்துல படுக்கும்ணு உமக்குத் தெரியுமா? நல்லா யோசிச்சுச் சொல்லும். நீர் அதை வண்டியில பூட்டினதே இல்லல்லா?"

'தெரியாது.' நாலே எழுத்து. சொன்னால் காளை வீட்டுக்கு வந்துவிடும், பிளசர் தொலைந்துவிடும், வயலையும் குறித்த நாளில் உழுதுவிடலாம். போதாததற்கு அது சத்தியமும்கூட. தூரத்தில் பெண்கள் கூட்டத்தில் நின்ற நேசபாய், இல்லை என்று தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். ரசலையன் வாயைத் திறந்தார். "தெ..." வரைக்கும் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் யாரோ பக்கத்திலிருந்தவனிடம் கேட்டான்: "டீக்கனாருக்கே தெரியாதாமாடே?"

அவ்வளவுதான். ரசலையன் நெஞ்சு நிமிர்ந்தது. மீசை தானாகத் துடித்தது.

"தெரியாமலா?" என்றார். "எனக்குத் தெரியாத மாட்டுக் குத்தம் ஒண்ணு இந்த நாஞ்சில் நாட்டுல உண்டுமாவே? தெரியும். வாங்கின அண்ணைக்கே தெரியும். தெரிஞ்சுதான் இவரு தலையில கெட்டினேன்!"

சந்தையில் எழுந்த ஆரவாரத்தில் காளைகளே மிரண்டன. யாரோ அவர் தோளில் துண்டைப் போட்டார்கள். "ஆளு ஆளுதாம்டே!" என்றது ஒரு குரல். பிளசர் வியாபாரியையே பாலத்தில் படுக்கவைத்தவர் என்று இன்னொரு குரல். சலாஹுதீன் மட்டும் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சு மறைச்சவருக்கு முறையிட வாய் இல்ல" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இருக்கது இருந்தபடி இருக்கட்டும்."

அப்படியாக, செய்யாத மோசடியை நாலாயிரம் பேர் முன்னால் ஒப்புக்கொண்டு, ஒரு டீக்கனார் தம்முடைய நற்பெயரைக் காப்பாற்றிக்கொண்டார். இஞ்ஞாசி அவிழ்த்த கயிற்றை மறுபடியும் கட்டினார். அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது போலத் தெரிந்தது.

பிளசரைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் நேசபாய் அழுதாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காளை நம்ம தொழுவத்துல நிக்கும். உங்களைக் கள்ளன்ணு சொல்லுகானுவ, சந்தோஷமா இருக்கா?"

"கள்ளன்ணு தானே சொன்னானுவ. முட்டாள்ணு சொல்லல்லியே" என்றார் ரசலையன். சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிளசரைத் தள்ளுகிற வியர்வை என்று சொன்னார்.

நடவு தவறவில்லை. இஞ்ஞாசி நல்ல மனிதர், காளைகளை வாடகைக்குக் கொடுத்தார்.

தீர்ப்பான மறுநாள் விடியற்காலையிலேயே ரசலையன் வீட்டு முற்றத்தில் மூன்று பேர் மாட்டோடு காத்து நின்றோம். முந்தின நாள் அவர் 'தெரியாது' என்று சொல்லியிருந்தால் அந்த முற்றத்தில் ஒரு காக்காய்கூட இறங்கியிருக்காது. தெரிந்தே ஏமாற்றினேன் என்றார், எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. எங்கள் மாட்டையும் அவரே கை வைத்து விற்றுத் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டோம்.

என் பசுவை அவர் அரைமணி நேரம் பார்த்தார். பல் பார்த்தார், சுழி பார்த்தார், நடை விட்டுப் பார்த்தார். "குத்தமே இல்லாத பசு" என்றார். அதற்கு ஒரு காம்பில் பால் வராது. அவர் கண்டுபிடிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.